விளக்கு வைத்த பிறகு வறுத்த கோப்பி

கையால் சுற்றுகிற டிரம்மைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது காபிக்கொட்டை வறுக்கிற சாமான். பழகாதவர்களுக்கு அது வெடிகுண்டு. கொழும்பு விமான நிலையத்தில் இறங்கிய பத்தாவது நிமிஷத்தில் எனக்கு இது புரிந்துவிட்டது. என்னைச் சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள், ஒருவர் மட்டும் துணிந்து மூடியைத் திறந்து உள்ளே மூக்கை விட்டார். அவர் தும்மியபோது நான் செத்துப் பிழைத்தேன்.

வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை என்னுடையது. சுனாமிக்கு மறு வருஷம், கடையில் தூள் வாங்க வரும் ஒரு கன்னியர் மடத்து சிஸ்டர், மட்டக்களப்புப் பக்கம் சில பெண்கள் காபி வறுத்து விற்றுப் பிழைக்கப் பார்க்கிறார்கள், மண்சட்டியில் வறுத்து மாளவில்லை, ஒரு சின்ன டிரம்மை மாட்டிக்கொடுத்துவிட்டு வர முடியுமா என்று கேட்டார். சரி என்று வாய் சொல்லிவிட்டது. புத்தி அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

மட்டக்களப்பு வரைக்கும் வழியெல்லாம் சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் வேனை நிறுத்தி டிரம்மை இறக்கினார்கள். துப்பாக்கியை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் போலீஸ்காரர் லத்தியைத் தட்டினாலே கும்பிடு போடுகிற ஆள் நான். ஓர் இடத்தில் சிப்பாய்கள் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். டிரைவர் வேனை எடுத்த பிறகு எனக்கு அர்த்தம் சொன்னார்: "இந்த வயதில் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்றால் ஒன்று பைத்தியம், இல்லாவிட்டால் நிஜமாகவே காபிக்காரி என்கிறான்." எனக்கும் அதே சந்தேகம்தான்.

கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி தாண்டி, குருக்கள்மடம். ஒரு கையில் கடல், மறு கையில் வாவி என்கிற உப்பங்கழி, நடுவே ஊர். கடல் பக்கம் வீடுகள் போய்விட்டன, கிணறுகள் மட்டும் நின்றன. காபி வறுக்கிற பெண்களில் ஒருத்தியான யோகத்தின் வீடும் அப்படித்தான் போனது, புருஷனும் அதோடு போனார். இப்போது வாவிப் பக்கம் அண்ணன் விட்டுப்போன வீட்டில் இருக்கிறாள், நான் தங்கியதும் அங்கேதான். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய குரல்.

"வாங்கக்கா, இந்தச் சாமானத் தூக்கிட்டு எப்பிடி வந்தீங்க? உங்களுக்குப் பயமில்லையா?"

"பயமா? நாலு நாளா எனக்கு வேற வேலையே இல்லம்மா," என்றேன். அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற சிவமணி சிரிக்கவில்லை. சிவமணி அடுத்த வீட்டுக்காரி, வறுக்கிற கூட்டத்தில் மூத்தவள். அவளுடைய மகனை, சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறவர்கள் டியூஷன் போகும் வழியில் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது என்று டிரைவர் மெதுவாகச் சொன்னார். யார் அவர்கள் என்று கேட்டேன். "அதைக் கேக்கப்படாது," என்றார். பகலில் ஒரு துப்பாக்கிக் கூட்டம், பொழுதுபட்டால் இன்னொரு கூட்டம், பெயர் சொல்வதற்கே அந்த ஊரில் எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு புட்டும் இறால் கறியும். பிறகு சட்டியோடு எருமைத் தயிர். கத்தி வைத்து வெட்டலாம் போல அப்படி ஒரு தயிரை நான் எங்கேயும் தின்றதில்லை. பயத்தில் வயிறு மூடிக்கொள்ளும் என்பார்கள், எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. காபிதான் தொண்டையில் நின்றது. கறுப்பாக, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா யோகம், மல்லி வாசம் வருதே. காபியில மல்லியைப் போட்டா அது காபியா ரசமா?"

"மல்லியும் வேர்க்கொம்பும் போடாட்டி அது என்ன கோப்பி? நீங்க மட்டும் ஏதோ கிழங்கு வேரை வறுத்துக் கலக்கிறீங்களாமே, சிஸ்டர் சொன்னா."

வேர்க்கொம்பு என்று அவள் சொன்னது சுக்கை. சிக்கரியைக் கிழங்கு வேர் என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதைப் பற்றியே கொஞ்ச நேரம் வாயாடினோம். பயம் மறந்த ஒரே பொழுது அதுதான்.

மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் டிரம்மை மாட்டினோம். கொட்டாங்கச்சித் தணல், மேலே டிரம், நான் கைப்பிடியைச் சுற்றினேன். கொட்டை சிவந்து முதல் வெடி 'பட் பட்' என்று கேட்டதும் பெண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டியில் வறுக்கும்போதும் கொட்டை வெடிக்கும்தான், ஆனால் மூடிய இரும்புக்குள் அது பெரிய சத்தமாகக் கேட்டது. சுதாரித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே தணலை அணைத்துவிட்டார்கள். "இன்னும் அரை மூட்டை கிடக்கே, சாயங்காலம் வறுத்துடலாமே?" என்றேன். "இல்லக்கா, காலமையிலதான் வறுக்கிறது," என்றாள் சிவமணி. வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம்.

டிரம்மின் கைப்பிடி ஆட ஆரம்பித்திருந்தது. ஸ்குரூ முடுக்கலாம் என்று அதை யோகத்தின் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று பகல் சாப்பிடும்போது, யோகம் ஒரு தட்டில் சோறு போட்டு உள்ளறைக்குக் கொண்டுபோனதைப் பார்த்தேன். அந்த அறையில் நெல் மூட்டைகள்தான் அடுக்கியிருந்தன. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள்.

மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பெண் குந்தியிருந்தாள். பதினேழு வயது. தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது.

"என்ட மகள், வாணி. ஆறு மாசத்துக்கு முதல் பிடிச்சிட்டுப் போனவங்க. அங்க போனா முடிய வெட்டிருவாங்க. போன கிழமை ஓடி வந்திட்டா. படுவான்கரையிலருந்து ஒரு தோணிக்காரர் வலைக்குக் கீழ படுக்க வைச்சுக் கொண்டந்து விட்டவர்." வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் படுகிற கரைக்குப் படுவான்கரை என்று பேர். "ஒருத்தருக்கும் தெரியாதுக்கா. சிவமணிக்கும் சொல்லல்ல. அவட மகன் இன்னும் அங்கதான், நான் என்னெண்டு சொல்ற?"

அந்த மயிர்தான் பெரிய ஆபத்து. வெளியே தலை காட்டினால் ஓடி வந்தவள் என்று யாருக்கும் தெரிந்துவிடும். பிடிபட்டால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை, யோகமும் சொல்லவில்லை. காத்தான்குடியிலிருந்து பச்சைக்கொட்டை கொண்டுவரும் ஹயாத்தும்மா என்ற வியாபாரி நாளைக்கு வேனோடு வருவாள், அவள் காலில் விழுந்தாவது மகளைக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்க வேண்டும், வேறு வழி இல்லை என்றாள் யோகம். காபி வறுக்கக் கற்றுக்கொடுக்க வந்தவளுக்கு இதெல்லாம் தேவையா என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. நான் அப்படி நினைத்தேன், மறைப்பானேன்.

மூன்று மணி வாக்கில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சட்டைக்கு அடியில் இடுப்பு புடைத்திருந்தது. வண்டியை விட்டு இறங்காமலே பேசினார்கள்.

"உங்கட மகள் அங்க இல்ல. ஓடிட்டா. வந்தா நீங்களே கொண்டந்து தாங்க. நாங்க வந்து எடுத்தா நல்லா இரிக்காது. பொழுதுபட வருவம், வீட்டப் பாக்கணும்."

அவர்கள் போன பிறகு யோகம், "வாவிக்குள்ள இறக்கி விடவா, எங்க ஒளிக்கிற?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பொழுது சாய்ந்ததும் சாமி விளக்கை ஏற்றினாள். பிறகு, "நாலு வாளி தண்ணி வாத்திட்டு வாறன், இல்லாட்டி எனக்கு மயக்கம் வந்திரும்," என்று கிணற்றடிக்குப் போனாள்.

நான் திண்டாடிப்போனேன். சும்மா உட்கார்ந்தால் மோட்டார் சைக்கிள் சத்தம் காதுக்குள் கேட்டது. பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், எனக்குக் கொட்டை வறுக்க வேண்டும். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அப்படித்தான் கடைக்கு வந்து வறுத்தேன். டிரம் முற்றத்திலேயே இருந்தது, கைப்பிடியை முடுக்கியாயிற்று, சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்த மாதிரியும் ஆயிற்று. அடுப்புத் தணலை வாரிப் போட்டு, இரண்டு படி கொட்டையைக் கொட்டிச் சுற்ற ஆரம்பித்தேன். காற்று ஊர்ப் பக்கம் அடித்தது. கொட்டை வெடித்து, வாசனை கிளம்பிற்று. மனசு கொஞ்சம் நிதானப்பட்டது.

வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு சிவமணி ஓடி வந்தாள். தலைவிரி கோலம். முற்றத்தில் நின்று டிரம்மைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஐயோ, என்ட வாணி! எப்பக்கா செய்தி வந்த?" என்று மாரில் அடித்துக்கொண்டு அப்படியே விழுந்தாள்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பெண்கள், அதற்குப் பின்னால் ஆண்கள், ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். அப்போதுதான் ஒரு பெரியவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "விளக்கு வைச்ச பிறகு கோப்பி மணந்திச்சு. அப்பவே நினைச்சன்." அந்த ஊரில் பொழுதுபட்ட பிறகு கோப்பி வறுப்பது செத்த வீட்டுக்கு மட்டும்தான். ராத்திரி முழுக்கத் துக்கத்துக்கு வந்திருப்பவர்களுக்குக் கொடுக்க வறுப்பார்கள். மற்ற நாளில் இருட்டில் ஒரு கொட்டை சட்டியில் விழாது. பறை அடிக்கும் முன்பே வாசனைதான் ஊருக்குச் சாவு சொல்லும்.

கிணற்றடியிலிருந்து யோகம் ஈரப் புடவையோடு வந்தாள். முற்றத்தில் ஊரே நின்றது. டிரம்மைப் பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வையில் நான் எரிந்துபோயிருப்பேன். 'ஐயோ, தெரியாம வறுத்துட்டேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

யோகம் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "வாவி கொண்டு போயிட்டே என்ட புள்ளய! தோணியில வரக்குள்ள தண்ணிக்குள்ள தாண்டு போயிட்டாளாம்! உடம்பும் கிடைக்கல்லையே!" என்று அலறினாள்.

உடம்பு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் உடம்பு இல்லாத செத்த வீடு யாருக்கும் புதிது இல்லை.

அந்த இரண்டு பேரும் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர்கள் யோகத்தைப் பார்த்தார்கள், பிறகு வீட்டுக்குள் பார்த்தார்கள். டிரம் புகை வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்போது உள்ளறையிலிருந்து ஓர் இருமல்.

என் உயிர் என்னிடம் இல்லை. அழுதபடி உள்ளே போயிருந்த சிவமணி அந்த அறைக் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இருமலைக் கேட்டு அவள் அழுகை நின்றது. தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள், பிறகு யோகத்தைப் பார்த்தாள். எனக்கு அவளுடைய மகன் ஞாபகம் வந்தது. அவனைத் திருப்பித் தருகிறோம் என்று சொன்னால் இவள் சொல்லிவிடுவாளா? இரண்டாவது இருமல் வருவதற்குள் சிவமணி கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தொண்டை கிழிய ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு உள்ளே யார் இருமினாலும் கேட்டிருக்காது.

"இவையளுக்குக் கோப்பி குடுங்கக்கா," என்றார் பெரியவர். இடித்து, ஊற்றி, இரண்டு டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இளையவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"மல்லி போடல்லையா?"

மல்லி போடாத கோப்பி எந்த வீட்டுக் கோப்பி என்று அடுத்து கேட்பான், பிறகு யார் வறுத்தது என்று கேட்பான், குட்டு உடைந்துவிடும். சிவமணி ஒப்பாரிக்கு நடுவிலேயே மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "அது இந்தியாக்காரி வறுத்த, தம்பி. அவக்கு என்ன தெரியும்?"

அவன் மீதியையும் குடித்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றான். பிறகு இருவரும் போய்விட்டார்கள்.

சனம் வந்துகொண்டே இருந்தது, தூள் தீர்ந்துபோயிற்று. சிவமணி டிரம்மைத் தொடப் போனாள், யோகம் ஒரே பாய்ச்சலில் வந்து அவள் கையைத் தட்டிவிட்டாள். என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய், காதோடு வாய் வைத்துச் சொன்னாள்:

"நீங்கதான் வறுக்கணும். என்ட கையும் படக்கூடாது, ஊர்க்கை ஒண்டும் படக்கூடாது. நீங்க தெரியாம வறுத்தீங்க, அதனால அது செத்த வீட்டுக் கோப்பி இல்ல. நாங்க வறுத்தா அது உண்மையாப் போயிரும். உயிரோட இருக்கிற புள்ளக்கு நான் எப்பிடி வறுக்கிறது?" அவள் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கிக்காரன் நின்றபோது அவளை அப்படிப் பார்க்கவில்லை. நான் வறுத்தேன். அவ்வளவு பயத்தோடு என் வாழ்நாளில் கொட்டை வறுத்ததில்லை, ஒன்றுகூடக் கருகக் கூடாது என்று ஏனோ தோன்றிக்கொண்டே இருந்தது.

காலையில் ஹயாத்தும்மா வேனில் வந்து இறங்கினாள். சாவுச் செய்தி அதற்குள் காத்தான்குடிக்குப் போய்விட்டிருந்தது, அழுதுகொண்டே வந்தாள். யோகம் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். வெளியே வந்தபோது அவள் கண்ணில் நீர் இல்லை, முகம் வெளிறியிருந்தது.

"என்ட வீட்டிலயும் நாலு புள்ளைகள் இரிக்கி கா," என்றாள். பிறகு வெளியே நின்ற வேனைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, புள்ளக்கு முக்காட்டப் போடுங்க. நான் என்ட மகளோட வந்த எண்டு சொல்றன். அல்லாஹ் பாத்துக்குவான்."

துக்கத்துக்கு வந்த முஸ்லிம் பெண்கள் இரண்டு பேர் என்று முற்றத்துக் கூட்டம் வழிவிட்டது. நானும் அதே வேனில் ஏறிக்கொண்டேன். யோகம் மகளை வழியனுப்பக்கூட எழுந்திருக்கவில்லை. செத்தவளின் அம்மா எப்படி எழுந்து வருவாள்? தலையைக் கவிழ்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வழியில் ஒரு சாவடியில் நிறுத்தினார்கள். சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்துச் சாக்கு மூட்டைகளை எண்ணினான், எங்களைப் பார்க்கவில்லை. கல்லடிப் பாலம் ஏறிய பிறகுதான் வாணி வாயைத் திறந்தாள்.

"சிவமணி மாமிக்கு நான் உள்ள இரிக்கிறது தெரிஞ்சிட்டு, என்ன பெரியம்மா?"

"தெரிஞ்சுதும்மா," என்றேன்.

அவள் முக்காட்டை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் யோகம் போன் பண்ணினாள். வாணி சிஸ்டர் ஏற்பாட்டில் கண்டிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் இத்தனை வருஷமும் இருந்தாளாம், அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறாளாம். "நீங்க வரணும்க்கா. நீங்க தொடங்கினத நீங்கதான் முடிச்சு வைக்கணும்." அந்தப் பாதையில் இன்னொரு தரம் போகவே கூடாது என்றிருந்தேன். இருந்தும் போனேன்.

வாணி பின்கதவால் வந்து உள்ளே இருந்தாள். மயிர் இடுப்பு வரைக்கும் வளர்ந்திருந்தது. ஊருக்கு இன்னும் தெரியாது. அவள் செத்தவள் என்று வருஷா வருஷம் கோயிலில் ஊரார் சோறு படைத்திருக்கிறார்கள், யோகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

சாமி விளக்கை ஏற்றிவிட்டு யோகம் டிரம்மை முற்றத்துக்கு இழுத்தாள். எனக்குத் திக்கென்றது. "வேண்டாம்மா, விடிஞ்சு வறுக்கலாம். எதுக்கு விஷப்பரீட்சை?"

"இல்லக்கா. அண்டைக்கு எப்பிடிக் கூப்பிட்டமோ அப்பிடித்தான் கூப்பிடணும். இல்லாட்டி அது கழியாது." கொட்டையை அளந்தாள், மல்லியை மறக்காமல் தனியாக எடுத்து வைத்தாள், ஆனால் கைப்பிடியைத் தொட முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. வாணிதான் வந்து எங்கள் இருவரையும் விலக்கிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தாள்.

வாசனை ஊருக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் தெருவில் ஓடி வருகிற காலடிச் சத்தம். முன்வீட்டுக்காரர் படலையில் நின்று இருட்டுக்குள் கூப்பிட்டார்: "யோகம்! ஆரு? ஆரு போனது?"

"ஆரும் போகல்ல மாமா," என்றாள் வாணி. "நான் வந்திரிக்கன்."

அவர் இரண்டடி பின்வாங்கி, குனிந்து அவள் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார். படுகிறது என்று தெரிந்ததும் கத்தின கத்தலில் ஊர் முழுக்க வந்துவிட்டது. அழுகையும் திட்டுமாக முற்றம் நிறைந்தது. "எத்தின தரம் அழ வைச்ச நீ!" என்று யோகத்தை அடிக்காத குறை.

சிவமணி கடைசியாக வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். வாணியின் மயிரைத் தடவிப் பார்த்தாள், கோப்பியை வாங்கிக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்:

"காலமையில கொட்டகையில வறுக்கிறன், விக்கிறன், அது தொழில். எங்கட வீட்டில இன்னும் கோப்பி வறுக்கல்லக்கா. எல்லாரும் அவனுக்கு வறுக்கச் சொல்றாங்க. நான் வறுக்க மாட்டன்."